நீச்சல் தடாகம் இல்லை

ஒக்டோபர் 4, சனி

வெயில். காற்று விழுந்துவிட்டது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் போன கிழமையோடு சரி. ஆலங்குடாக் கரையில் இப்போது நாய்களும் வள்ளக்காரர்களும் மட்டும். கூடப்பிறந்த நானாவின் சாப்பாட்டுக் கடையில் பகல் ஒரு மேசைக்குத்தான் ஆள்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு வான். தாய், தகப்பன், பிள்ளைகள். பிள்ளைகள் இறங்கும்போதே நீச்சல் உடுப்போடு. சின்னவள் இடுப்பில் வாத்து மாதிரி ஊதிய வளையம். வந்ததும் வராததுமாக, “பூல் எங்க?”

நானா என்னைப் பார்த்தார். நான் நானாவைப் பார்த்தேன். எங்களிடம் உள்ள தண்ணீர்: கை கழுவுகிற பைப், பின்னால் கிணறு, முன்னால் கடல். கடலும் இன்றைக்குப் பிள்ளைகளை இறக்கக்கூடிய கடல் இல்லை. தகப்பன் போனைத் திறந்து நீட்டினார். எங்கள் கடையின் இணையத்தளம். குடும்பத்தோடு நீந்தி மகிழ நீச்சல் தடாகம் உண்டு என்று ஆங்கிலத்தில் அழகாக இருக்கிறது.

அந்த மனிதர் சத்தம் போடவில்லை. “பிள்ளையளுக்கு ஒரு கிழமையாச் சொல்லிக்கொண்டு வந்தனான்” என்றார், அவ்வளவுதான். சாப்பிடாமலே போனார்கள். சின்னவளின் அழுகை வான் கதவு மூடும்வரை கேட்டது.

நானா அஸர் தொழுகைக்குப் போய்வந்தார். பிறகு என்னிடம் வந்து, அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார். “அது மட்டும் போதும்” என்று இரண்டு தரம்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

காலமைச் சாப்பாடு பாணும் சம்பலும். காசு மேசையில் கணினியைத் திறந்து, முதன்முறையாக முழுப் பக்கத்தையும் வாசித்தேன். வெட்கக்கேடு. கொழும்பில் அச்சகத்தில் அத்தனை வருசம் பிழை பார்த்தவள் நான். அச்சகம் மூடி ஊருக்கு வந்து, நானாவின் கடையிலேயே பில் எழுதுகிறேன். ஒரு நாளும் இதைத் திறந்து பார்க்கவில்லை.

அதில் இருப்பவை:
மூடுபனி தவழும் காலைகள்.
தேயிலைச் சரிவுகளைப் பார்த்தபடி தேநீர்.
குளிர்காய விறகு அடுப்பு.

ஆலங்குடாவில் குளிர்காய அடுப்பு. நான் சிரித்த சிரிப்பில் மதினி குசினியிலிருந்து வந்துவிட்டார். நானாவின் மனைவி, சிலாபம் பக்கம், சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். என்னோடு அதிகம் கதைக்கமாட்டார். நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். சிரிக்கவில்லை.

“கடை திறந்த நாளிலயிருந்து இப்பிடியா இருக்கு?”

ஓம் என்றேன். யாரோ மலைநாட்டு ஹோட்டலுக்கு எழுதியதைப் பெயர் மட்டும் மாற்றி எங்களுக்குப் போட்டிருக்கிறார்கள்.

“அப்ப நாங்க ஒருத்தரும் வாசிக்கல்ல” என்றுவிட்டு உள்ளே போனார்.

தளத்தைச் செய்து தந்த கொழும்பு ஆளுக்கு போன் எடுத்தேன். நல்ல மரியாதை. எழுத்தை யாரும் வாசிப்பதில்லை, படத்தைத்தான் பார்ப்பார்கள் என்றார். கடவுச்சொல்லை அனுப்பிவிட்டார்.

நீச்சல் தடாக வரியை எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. உறுத்துகிறது.

ஒக்டோபர் 7, செவ்வாய்

புழுக்கம். மீன் விலை ஏறிவிட்டதென்று குசினியில் சமைக்கிற சிவா அண்ணனின் புறுபுறுப்பு.

பகல் சாப்பாட்டில் நானா விசயத்தை உடைத்தார். ஒரு தரகர் வந்து பார்த்தாராம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பட்டச் சறுக்கல் முகாமுக்கு இடம் தேடுகிறது. கடையை மொத்தமாகக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். அவர்களுக்கு அவர்களுடைய சமையல்காரர், அவர்களுடைய ஆட்கள். காற்றில்லாத மாதங்களில் இப்படியே ஈ ஓட்டிக்கொண்டிருப்பதென்றால் கொடுத்துவிடுவதுதான் புத்தி என்றார். நவம்பர் முடிய பதில் சொல்லவேணும்.

சிவா அண்ணன் சோற்றுப் பானையோடு வாசலில் நின்றவர், கேட்டும் கேட்காத மாதிரித் திரும்பிப் போனார். உடப்பில் வீடு. கடை திறந்த நாளிலிருந்து இங்கே குசினியில். முதுகு போன பிறகு வள்ளத்தை விட்டவர். இனிக் கடலுக்கும் போக ஏலாது.

என் நிலைமையும் அதுதான். இந்த மேசையும் போனால் நான் நானா வீட்டில் சும்மா இருக்கிறவள்.

எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ. நவம்பர் வரைக்கும் பொறுங்கள், தளத்தில் உள்ள எழுத்தை முழுக்க மாற்றித் தருகிறேன், பிறகு பாருங்கள் என்றேன்.

நானா சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு, அதுதான் சுட்டது. “எழுத்தால கடை ஓடுமெண்டா வாசிகசாலைக்காரனெல்லாம் இந்நேரம் கோடீஸ்வரன்.”

மாட்டேன் என்று சொல்லவில்லை. அது போதும்.

ஒக்டோபர் 10, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குக் கடை அடைத்துத் திறந்தோம். நான் வாசல் பக்கத்தில் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலவில கோயிலுக்குப் போய்வந்த ஒரு குடும்பம் வீதியில் நின்று எங்கள் பெயர்ப்பலகையைப் பார்த்தது. புருசன் உள்ளே வர ஒரு காலை எடுத்து வைத்துவிட்டார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“வாங்கப்பா. இது வெள்ளைக்காரனுக்குள்ள இடம். போனா இங்லிஷில கேப்பாங்க.”

போய்விட்டார்கள். நான் தமிழ் பேசுகிறவள், கையில் துணியோடு, கூப்பிடு தூரத்தில். வாய் வரவில்லை.

இத்தனை நாளாக ஆங்கிலத்தைத் திருத்துவதிலேயே நின்றேன். பிழை அங்கே இல்லை. தளத்தில் ஒரு தமிழ் எழுத்துக் கிடையாது. ஒரு சிங்கள எழுத்தும் கிடையாது. காற்றைத் தேடி வருகிறவர்களுக்கு மட்டும் கடை நடத்திக்கொண்டு, காற்றில்லாத காலத்தில் ஆளில்லை என்று அழுகிறோம்.

முதலில் தமிழில் எழுதவேணும். அதிலிருந்து மற்ற இரண்டும்.

ஒக்டோபர் 13, திங்கள்

சின்ன மழை, பிறகு வெயில்.

சிவா அண்ணனிடம் போய் மீன் கறியைப் பற்றி என்ன எழுதலாம் என்று கேட்டேன். “மீன் கறி எண்டு எழுதுங்க தங்கச்சி.” வேறு? “நல்ல மீன் கறி எண்டு எழுதுங்க.” அவ்வளவுதான் அவரிடம்.

ஆகவே தட்டோடு உட்கார்ந்தேன். சாப்பிட்டுச் சாப்பிட்டு எழுதினேன். மதினி வந்து பார்த்துவிட்டு, இது என்ன வேலை என்ற மாதிரி நின்றார். பிறகு ஒரு கதிரையை இழுத்து அவரும் உட்கார்ந்தார். கணவாய்ப் பொரியலுக்கு நான் ‘சுவையானது’ என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியதும், “சுவையில்லாததையா விக்கிறம்?” என்றார். அடித்தேன். ‘பல்லுக்கு இதமான’, அதையும் அடித்தேன். கடைசியில்:

“கணவாய், வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு, சட்டி சூடாக இருக்கும்போதே இறக்கியது. ஆறவிட்டால் இறப்பர் மாதிரி ஆகிவிடும். வந்தவுடன் சாப்பிடுங்கள்.”

மதினி முதன்முறையாகச் சிரித்தார். சிங்களத்தில் நான் எழுதித் தாறன் என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே.

ஒக்டோபர் 16, வியாழன்

இன்றைக்குச் சண்டை.

எழுதிய வழியை முதலில் நானாவுக்கு வாசித்துக் காட்டினேன்: “பாலாவிச் சந்தியில் கற்பிட்டிப் பக்கம் திரும்புங்கள். போனில் உள்ள வரைபடம் உங்களைக் களப்புப் பக்கம் கொண்டுபோகப் பார்க்கும். நம்பவேண்டாம். கடல் சத்தம் கேட்கிற பக்கம்தான் எங்கள் கடை.” தலையாட்டினார். சாப்பாடு பற்றியதற்கும் தலையாட்டினார். அதற்குப் பிறகு இது:

“எங்களிடம் இல்லாதவை. நீச்சல் தடாகம் இல்லை. பியர் இல்லை, கொண்டுவந்து குடிக்கவும் இடமில்லை. குளிரூட்டி இல்லை, கடற்காற்று உண்டு, அதுவும் ஒக்டோபரில் சில நாள் வராது. பெருமழை பெய்தால் வாசல் பாதையில் தண்ணீர் நிற்கும். வள்ளம் போகாத நாளில் மீன் இல்லை, கோழி உண்டு.”

நானா எழும்பிவிட்டார். உலகத்தில் எவனாவது தன் கடையில் இல்லாததை எழுதி ஆள் கூப்பிடுவானா, பக்கத்துக் கடைக்காரன் எழுதவேண்டியதை நீயே எழுதிக் கொடுக்கிறாயா என்று. நானும் விடவில்லை. இருக்கிற கோபத்தில் அச்சகத்துத் தமிழெல்லாம் வந்தது.

மதினி மேசையைத் துடைத்தபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “பூல் இல்ல எண்டு எழுதியிருந்தா அண்டைக்கு அந்தப் பிள்ள அழுதிருக்காது.”

நானா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். மஹ்ரிப் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது.

வந்து, “போடு” என்றார்.

ஒக்டோபர் 17, வெள்ளி

‘இருப்பவை’யையும் எழுதி முடித்தேன். பெண்கள் உடுப்பு மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை. தொழ இடம். மழைக்காலமும் கடை திறந்திருக்கும். முன்கூட்டிச் சொன்னால் பிள்ளைகளுக்கு உறைப்பில்லாத கறி. பிறகு ஒன்று, போன வருசம் ஒரு பெரியவர் மணலைப் பார்த்துவிட்டு வானுக்குள்ளேயே இருந்து சாப்பிட்டுப் போனதை நினைத்து: “முற்றம் முழுக்க மணல். சக்கர நாற்காலி உருளாது. தூக்கிக்கொண்டுபோய்க் கடல் தெரிகிற இடத்தில் வைக்க நாங்கள் இருக்கிறோம்.”

மூன்று மொழியிலும் ஏற்றியாயிற்று, பி.ப. நான்கு மணி. ஆங்கிலம் என்னுடையது, சின்னச் சின்ன வசனம். சிங்களம் மதினியுடையது. தன் பள்ளிக்கூடத் தோழிகளின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டார். நான் பழைய அச்சகத்து ஆட்களுக்கு.

மூடுபனிக்கு விடை கொடுத்தாயிற்று.

ஒக்டோபர் 24, வெள்ளி

மழை. எழுத்தை ஏற்றி ஒரு கிழமை. ஒருத்தரும் இல்லை. வாசலில் தண்ணீர், எழுதிய மாதிரியே.

தரகர் குடையோடு வந்தார். மண்டபத்தை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்து அளந்தார். குசினியை இடித்துக் குளியலறை ஆக்கலாமாம். சிவா அண்ணன் அப்போது அங்கேதான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு யாருடைய முகத்தையும் பார்க்க ஏலவில்லை. வாசிகசாலைக் கதையை நானா திருப்பிச் சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

போன் வந்தது!

வவுனியாவிலிருந்து ஒரு பெண். யாரோ அனுப்ப யாரோ அனுப்பி எங்கள் பக்கம் அவருக்கு வந்ததாம். “நீச்சல் தடாகம் இல்லை எண்டு போட்டிருக்கிற கடை நீங்கள்தானே?” ஓம் என்றேன். தகப்பனுக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் இயங்காது, சக்கர நாற்காலிதான். லொறி ஓட்டித் திரிந்த மனிதர், விழுந்த பிறகு கடலையே பார்க்கவில்லை. எங்கே கேட்டாலும் பிரச்சினை இல்லை வாங்கோ என்கிறார்கள், போனால் படியும் மணலுமாக இருக்கிறது.

“நீங்கள் மட்டும்தான் உருளாது எண்டு எழுதியிருக்கிறியள். அதால உங்களைத்தான் நம்பலாம் போல கிடக்கு. உண்மையாத் தூக்குவியளா?”

தூக்குவோம் என்றேன். நானாவிடம் கேட்காமலே.

போனை வைத்துவிட்டு மதினியிடம் ஓடினேன்.

நவம்பர் 8, சனி

மழை விட்டு வானம் கழுவின மாதிரி.

வவுனியாக்காரர்கள் பகலுக்கு முன்னமே வந்துவிட்டார்கள். பெரியவர் கனமான ஆள். நானா ஒரு பக்கம், மருமகன் மறு பக்கம். சிவா அண்ணனை முதுகுக்காக வேண்டாம் என்றோம், கேட்கவில்லை, பின்னால் பிடித்தார். கதிரையோடு தூக்கி, மணலைத் தாண்டி, அலை வந்து திரும்புகிற ஈரத்தில் வைத்தார்கள். கடல் அமைதி. தண்ணீர் வந்து அவர் பாதத்தை மூடியது. வாய் கோணியிருந்தது, ஆனால் சிரிப்பென்று யாருக்கும் தெரியும். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நானா சாரத்தை மடித்துக் கட்டியபடி பெரியவரின் பக்கத்திலேயே நின்றார். என்ன கதைத்தார்களோ தெரியாது. பாலாவிக்கு உப்பு ஏற்ற வருவாராம் அந்தக் காலத்தில், அது மட்டும் காதில் விழுந்தது.

விளைமீன் கறி, சொதி, கணவாய். கணவாய் மேசைக்கு வந்ததும் மகள் எல்லோரையும் அவசரப்படுத்தினார்: “கெதியாச் சாப்பிடுங்கோ, ஆறினா இறப்பராம்.” நான் பில் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

என் வசனத்தை ஒருவர் வாயால் கேட்டது வாழ்க்கையில் இதுதான் முதல். அச்சகத்தில் மற்றவர்களுடைய வசனம்தான்.

நவம்பர் 15, சனி

எழுத நேரமில்லை. சுருக்கமாக:

சிலாபத்திலிருந்து மதினியின் தோழிகள், ஒரு வான் நிறைய. மதினி காலமையிலிருந்து தரையில் நிற்கவில்லை.
புத்தளத்திலிருந்து பர்தாப் போட்ட பெண்கள் கூட்டம், தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். தாழ்ப்பாள் இறுக்கமென்று புகார். நானா எண்ணெய் போட்டார்.
தலவில போய்வந்த ஒரு குடும்பம். அன்றைக்கு வந்தவர்கள் இல்லை, வேறு ஆட்கள். இந்த முறை நானே வாசலுக்குப் போய், தமிழில், “வாங்க” என்றேன்.
டொல்பின் பார்க்கப் போகிறவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். படகுக்காரரே எங்கள் கடையைச் சொல்லி அனுப்புகிறார்.

மீன் முடிந்துவிட்டது. கோழியும் முடிந்தது. சிவா அண்ணன் முட்டை பொரித்தார்.

நவம்பர் 20, வியாழன்

விடியவிடிய மழை. காலமை வாசலில் முழங்கால் தண்ணீர். ஒரு ஆசிரியர் கூட்டம் பஸ்ஸில் வருகிற நாள். முன்பென்றால் வந்து திட்டிவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

எழும்பியதும் தளத்தில் மேலேயே போட்டேன்: “இன்று வாசல் பாதையில் தண்ணீர். பள்ளிவாசல் பக்கத்து ஒழுங்கையால் வாருங்கள். அங்கே குடையோடு ஒருவர் நிற்பார்.” மதினி சிங்களத்தில். குடையோடு நின்றவர் நானா.

ஒரு ஆளும் நனையவில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு ஆளும் திரும்பவில்லை.

நவம்பர் 26, புதன்

தரகர் வந்தார், பத்திரங்களோடு. புதுச் சப்பாத்து.

நானா அவரைக் கடல் பக்க மேசையில் இருத்தி, தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். என்னையும் கூப்பிட்டு இருக்கச் சொன்னார். அப்படிச் செய்கிறவர் அல்ல.

தரகர் பத்திரத்தை விரித்தார். நானா அதைப் பார்க்கவேயில்லை.

“மழைக்காலமும் திறந்திருக்கும் எண்டு எழுதிப் போட்டிருக்கு. இவ என்ட தங்கச்சி, இவதான் எழுதினது. ஆக்கள் அத நம்பி வாறாங்க. இனி மூட ஏலாது.”

தரகர் சிரித்தார். எழுத்துத்தானே, ஒரு நிமிசத்தில் மாற்றலாமே என்றார்.

“எழுதினத மாத்தலாம். வாசிச்ச ஆக்கள என்ன செய்ற?”

அதற்குப் பிறகு காலநிலை பற்றிக் கதைத்தார்கள். தரகர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, பத்திரங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

குசினியில் எதுவோ விழுந்து உடைந்த சத்தம். போய்ப் பார்த்தால் சிவா அண்ணன் குந்தியிருந்து கோப்பைத் துண்டுகளைப் பொறுக்குகிறார், முகம் முழுக்கச் சிரிப்பு. “கை வழுக்கிப்போச்சு தங்கச்சி.” அவருடைய கையிலிருந்து ஒரு கோப்பை விழுந்து நான் கண்டதில்லை. மதினி கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக் கொடுத்தார்.

அல்ஹம்துலில்லாஹ். இதற்கு மேல் என்ன எழுத.

நவம்பர் 29, சனி

நல்ல வெயில், வாடைக்காற்று தொடங்கிவிட்டது.

நானா இப்போது யார் வந்தாலும் என்னைக் காட்டுகிறார். மீன் கொண்டுவருகிறவரிடமும் காட்டினார். “எங்கட எழுத்தெல்லாம் இவதான்.” மீன்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் தலையாட்டினார்.

பின்னேரம் நிஸ்தார் ஹாஜியார் வந்தார், இரண்டு வளவு தள்ளிக் கபானா என்கிற கடற்கரைக் குடில்கள் வைத்திருப்பவர். நானாவோடு கதைக்க வந்தாரென்று நினைத்தேன். என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார். தன்னுடைய தளத்தையும் ஒருக்காப் பார்த்துத் தரவேணுமாம். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆட்கள் வருகிறார்கள் இல்லை என்றார். வாங்கிப் பார்த்தேன். இவருடைய கட்டிலில் படுத்தால் நட்சத்திரங்கள் தாலாட்டுமாம்.

கூரை இல்லையா ஹாஜியார் என்று கேட்டேன். இருக்கிறது, நல்ல தகரம் என்றார்.

மதினியையும் சேர்த்துக்கொண்டால்தான் செய்வேன் என்றேன். சம்மதம். இருந்த இடத்திலிருந்து எழுதமாட்டேன், வந்து பார்த்து, அங்கே சாப்பிட்டுத்தான் எழுதுவேன் என்றேன். அதற்கும் சம்மதம். நாளைக்குப் பகல் வரச் சொல்லியிருக்கிறார், இறால் பிரியாணியாம்.

காலமை பாண் சாப்பிடக்கூடாது.